லேபிளின் ஓரக் கோடு

நந்தகோபாலுக்கு ஒரு கண்ணில்தான் பார்வை என்பது அவருடைய பெண்டாட்டி சீனித்தாயைத் தவிர கோவில்பட்டியில் ஒருத்தருக்கும் தெரியாது. இடது கண் வெளிப்பார்வைக்கு லட்சணமாகத்தான் இருக்கும். இமைக்க வேண்டிய நேரத்தில் இமைக்கும், தூசி விழுந்தால் கலங்கும். ஆனால் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயதில், அவர் பிறந்து வளர்ந்த வேறு ஊரில், சைக்கிள் சக்கரக் கம்பியின் நிப்பிள் என்கிற திருகுக்குள் தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அடைத்து, ஆணியைச் செருகி, தரையில் ஓங்கித் தட்டி வெடிக்கிற விளையாட்டு ஒன்று உண்டு. தெருப் பையன்கள் அத்தனை பேரும் விளையாடினார்கள். அத்தனை பேருக்கும் தரையில் வெடித்தது, இவருக்கு மட்டும் முகத்துக்கு நேரே வெடித்தது.

அப்படிப்பட்டவர் போய் விழுந்த தொழிலைப் பாருங்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வரைகிற தொழில். முதலில் கையால் வரைந்தார், கம்ப்யூட்டர் வந்த பிறகு கம்ப்யூட்டரில் வரைந்தார். மயில், மான், பம்பரம், சாவிக்கொத்து என்று ஏதாவது ஒன்றைத் தீப்பெட்டி அகலத்துக்குள் அடக்கி, அதைச் சுற்றி ஓரக் கோடு போட வேண்டும். படம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. மயிலுக்குக் கால் குட்டையாகப் போனால் மயில் வந்து சண்டை போடப்போவதில்லை. ஓரக் கோடு வளைந்தால் தீர்ந்தது கதை. ஒரு பெரிய தாளில் வரிசை வரிசையாக லேபிளை அச்சடித்து, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்து வெட்டுவார்கள். கோடு கோணினால் வெட்டும் கோணும், கோணல் பெட்டியாகவே கடைக்குப் போகும். நந்தகோபால் போட்ட கோட்டுக்கு ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டாம் என்று சிவகாசி அச்சகங்களில் பேச்சு இருந்தது. அந்தப் பேரை மனிதர் ஒற்றைக் கண்ணால் சம்பாதித்திருந்தார்.

கண் விஷயத்தை வெளியே விடாததற்குக் காரணம் உண்டு. புது லேபிள் கொடுக்க வருகிற முதலாளி நல்ல நாள் பார்த்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு வருவார். வழியில் பூனை குறுக்கே போனால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அந்த ஆள் ஒற்றைக் கண்ணன் முகத்தில் முழித்தா வியாபாரத்தைத் தொடங்குவார்?

தொல்லை எப்போதும் இடது பக்கத்திலிருந்துதான் வந்தது. நந்தகோபால் உட்காருகிற இடத்துக்கு வலது பக்கம் சுவர். வருகிறவர்கள் எல்லாரும் இடது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, "இங்கன கொஞ்சம் செவப்பு, அங்கன கொஞ்சம் மஞ்ச" என்பார்கள். ஒரு தடவை தங்கப்பாண்டியன் முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து டீக்கிளாஸை நீட்டியபடியே இருந்திருக்கிறார், இவருக்குத் தெரியவில்லை. "என்ன வே, நாங் குடுத்தா வாங்க மாட்டீரோ?" என்று அவர் சத்தம் போட்ட பிறகுதான் கழுத்தைத் திருப்பினார். அன்றைக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

அதற்காகத்தான் இரண்டாவது திரை. வருகிறவரை மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைத்து, அவருக்கு ஒரு திரையைத் திருப்பி வைத்துவிட்டால், முதலாளியின் விரலும் டீக்கிளாஸும் கண்ணுக்கு நேரே வந்துவிடும். கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு திரைக்குத்தான் இடம் இருந்தது. இரண்டாவது திரை வேண்டுமென்றால் தனியாக ஒரு டிஸ்பிளே கார்டு போடணும் என்றான் பாரூக்.

பாரூக் புது ரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மாட்டேன், தெரியாது என்ற இரண்டு சொல்லும் அவன் வாயில் வராது. கூப்பிட்ட குரலுக்கு டிவிஎஸ் வண்டியில் வந்து நிற்பான். வைகாசியில் ஒரு நாள் மதுரையிலிருந்து கார்டு வாங்கிவந்து மாட்டினான்.

மாட்டிய நாளிலிருந்து பிடித்தது சனி. கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்த கார்டு ஒன்று, வந்து சேர்ந்த கார்டு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி டிரைவர். டிரைவர் என்றால் கார்டு சொல்வதை விண்டோஸுக்கும் விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்கும் எடுத்துச் சொல்கிற ஒரு சின்ன புரோகிராம். ஒரே அடுப்படியில் இரண்டு மருமகளை விட்ட மாதிரி இரண்டும் அடித்துக்கொண்டன. ஒன்று எழுந்தால் மற்றது படுத்துவிடும். ஒரு நாள் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். ஒரு நாள் எழுத்தெல்லாம் தோசை அகலத்துக்குப் பெருத்து, நிறம் செத்துக் கிடக்கும். நல்ல வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை நீலமாகி, இங்கிலீஷில் என்னத்தையோ சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிடும்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நந்தகோபால் அதை முதன்முதலாகப் பார்த்தார். லேபிளின் ஓரக் கோடு நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. இருக்கிறது ஒரு கண், அதற்கு ஒன்று என்றால்? அந்த நினைப்பை முழுசாக நினைக்கவும் பயந்து, பாரூக்குக்குப் போன் போட்டார்.

பாரூக் வந்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினான். டிஸ்பிளே கார்டின் பேருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு ஆச்சரியக்குறி நின்றது.

"பாத்தீங்களா அண்ணாச்சி, இதான் கோளாறு. ரெண்டு டிரைவரும் ஒத்துப்போக மாட்டேங்குது. கோடு ஓடுறது, நெளியுறது எல்லாம் இதனாலதான்."

நந்தகோபாலுக்கு அந்த மஞ்சளை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனதற்காகச் சந்தோஷப்பட்ட மனிதர் ஊரிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது சீனித்தாய்க்குப் பக்கோடா வாங்கிக்கொண்டு போனார். "கம்ப்யூட்டர்லதான் கோளாறாம்" என்று இரண்டு தடவை சொன்னார். அவள் "அப்படியா" என்று பக்கோடாவைப் பிரித்தாள்.

பாரூக் சளைக்கவில்லை. சேஃப் மோடில் போய் இரண்டு டிரைவரையும் கழற்றிவிட்டு, பழைய கார்டுக்கு முதலில், புதுக் கார்டுக்கு அடுத்தது என்று போட்டான். பிறகு அதையே தலைகீழாகப் போட்டான். கம்ப்யூட்டர் எழும்போதே வருகிற பயாஸ் செட்டிங்குக்குள் போய் எந்தக் கார்டு முதலில் எழுந்திருக்கணும் என்பதை மாற்றினான். இரண்டு நாள் சரியாக இருக்கும், மூன்றாவது நாள் நீலம் வந்துவிடும். கடைசியில், ஆடிக் காற்று கரிசல் மண்ணை வாரி ஊருக்குள் இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், திருடன் அகப்பட்டான். பாரூக் இன்டர்நெட்டில் இறக்கிப் போட்டிருந்த புது டிரைவர்தான் கூடப் பிறந்த கார்டோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கார்டு டப்பாவோடு வந்த சிடியில் இருந்த பழைய டிரைவரைப் போட்டான். இரண்டு திரையும் அண்ணன் தம்பி மாதிரி எழுந்து நின்றன. மஞ்சள் குறியைக் காணோம்.

"முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இனிமே நீலம் வந்துதுன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க."

நந்தகோபால் லேபிளைத் திறந்து ஓரக் கோட்டைப் பார்த்தார். வயிறு அப்படியே இருந்தது.

"லேசா வளைஞ்சாப்ல இருக்கே தம்பி."

பாரூக் குனிந்து பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். பிறகு திரும்பி நந்தகோபாலின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் என்னத்தைக் கண்டானோ, "ஆமா, லேசா இருக்கத்தான் செய்யுது" என்றான். "இப்பத்தான போட்ட டிரைவர்லா. செட்டாக நாளாவும்."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாத குழம்பை ஊற்றினால், நல்லாருக்கு என்று சொல்லி இன்னொரு கரண்டி கேட்டு வாங்குவார்கள். முகத்துக்கு நேரே ஒருத்தரை இல்லை என்று மறுப்பது கன்னத்தில் அறைவதற்குச் சமானம். இதற்கு மரியாதை என்று பேர் வைத்து வளர்த்துவிட்டார்கள். குழம்போடு நின்றால் நல்ல பழக்கம்தான்.

அதற்கப்புறம் வாரம் ஒரு தடவையாவது நந்தகோபால் போன் போடுவார். பாரூக் வருவான். பெட்டியைத் திறந்து தூசியை ஊதுவான். இரண்டாவது கார்டைக் கழற்றி, அதன் பல்வரிசையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் பக்குவமாகத் தேய்த்து, திரும்பவும் மாட்டி, "இப்பப் பாருங்க" என்பான். நந்தகோபால் பார்ப்பார். வெயிலில் வந்தவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். காசை நீட்டினால் வாங்க மாட்டான். அவனிடம் போய் எப்படிச் சொல்வது?

"ஆ, இப்ப நேரா இருக்கு."

"அப்ப வாரேன் அண்ணாச்சி."

அவன் தலை மறைந்ததும் கோடு வளைந்துகொள்ளும். வளைந்துகொள்வதாவது! வளைந்தபடியேதான் இருந்தது. அது மட்டுமில்லை, அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே வளைந்தது. கோட்டின் மேல்முனையைப் பார்த்தால் மேல்முனை, கீழ்முனையைப் பார்த்தால் கீழ்முனை. கண்ணோடு கூடவே ஊர்ந்து வந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் நெஞ்சு என்ற ஒன்று இருக்கிறதே, அது வேண்டாததைக் காதில் வாங்காது.

பார்க்கப்போனால், உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். எதிரே இருந்த ஜன்னல் கம்பியைப் பார்த்தால் போதும். அதைத்தான் அவர் பார்க்கவில்லை. தூசி வருகிறது என்று ஜன்னலைச் சாத்திவிட்டார். கதவு நிலையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டார். தெருவில் கரண்டு கம்பம் வந்தால் செருப்பைப் பார்த்து நடந்தார். வளைவு இருக்கலாம், ஆனால் அது கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே ஒரே ஒரு கம்பி வளைந்துவிட்டாலும் எல்லாம் முடிந்தது. குழந்தை முகத்தை மூடிக்கொண்டு தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்குமே, அந்தக் கணக்குத்தான். நாற்பத்தைந்து வயது மனிதர் அதைச் செய்தார் என்று சிரிக்கத் தோன்றும். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு பிழைப்பவர்களுக்குச் சிரிப்பு வராது.

புரட்டாசிக்கு மேல் வளைவின் நடுவில் திருநீறு அப்பின மாதிரி ஒரு மங்கல் சேர்ந்துகொண்டது. ஐப்பசியில் தங்கப்பாண்டியன் முதலாளியின் மூணு பம்பரம் லேபிள் வந்தது. அவசரம். பாரூக்கைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்கமாகிவிட்டதால், நந்தகோபால் தானே கோட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தார். வெளியே தள்ளியிருந்த இடத்தை மவுஸால் பிடித்து உள்ளே தள்ளினார். நேராயிற்று. கொஞ்சம் கீழே பார்த்தார், அங்கே தள்ளியிருந்தது. அதையும் உள்ளே தள்ளினார். மேலே வந்தார், மேலே தள்ளியிருந்தது. இப்படியே நான்கு பக்கமும் சுற்றிவந்து, கழுத்து வலிக்க வலிக்க வேலை செய்து, சிடியில் எழுதி சிவகாசிக்கு அனுப்பினார். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தார்.

மாதிரி அச்சடித்த தாளைச் சுருட்டிக்கொண்டு தங்கப்பாண்டியன் நேரே வந்துவிட்டார். மேஜையில் விரித்தார்.

"என்ன வே இது? எம் பெட்டி என்ன முழுகாம இருக்கா?"

அவர் கோபக்காரர் இல்லை, அதனால் கேலியாகக் கேட்டார். கேலியாகக் கேட்டதால் கூடுதலாக வலித்தது. நந்தகோபாலுக்குத் தாளில் ஒன்றும் உருப்படியாகத் தெரியவில்லை. பம்பரங்கள் மிதந்தன. முதலாளி அவர் கையைப் பிடித்து, விரலைக் கோட்டின் மேல் வைத்து இழுத்தார். "இந்தா, இங்கன உள்ள போவுது. இங்கன வெளிய வருது. பாம்பு போன தடம் மாதிரிலா இருக்கு. நீரு போட்ட கோடா இது?"

"கம்ப்யூட்டர் கோளாறு மொதலாளி. ரெண்டாவது கார்டு போட்டதுல இருந்து இப்படித்தான் படுத்துது. வேணும்னா பாரூக்கைக் கேளுங்க."

பாரூக் வந்தான். தாளைப் பார்த்தான், நந்தகோபாலைப் பார்த்தான். "ஆமா மொதலாளி, டிரைவர் கோளாறுதான். இன்னைக்கே சரி பண்ணிருதேன்" என்றான்.

"என்னமோ பண்ணுங்க. இன்னொரு தடவை இப்படி வந்துதுன்னா நான் சிவகாசியிலயே ஆள் பாத்துக்கிடுதேன். வருத்தப்படாதீரும், வியாபாரம்லா" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

பாரூக் பெட்டியைத் திறக்கவில்லை. ரப்பரை எடுக்கவில்லை. முதலாளி உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீங்களே?"

"கேளு."

"டிஸ்பிளே கோளாறுன்னா திரையிலதான வளையணும். பேப்பர்ல எப்படி வளையும்?"

இது நந்தகோபாலுக்குத் தெரியாதா? திரை எப்படித் துள்ளினாலும் ஃபைலில் இருப்பதுதான் அச்சாகும் என்பதை ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். பாரூக் மேஜை டிராயரிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, திரையில் ஓரக் கோட்டின் பக்கத்தில் நிறுத்தினான்.

"கோட்டை விடுங்க. இந்த ஸ்கேலைப் பாருங்க. இது நேரா இருக்கா?"

எதைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை மாதம் ஒளிந்து திரிந்தாரோ அது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இரும்பு. வளையாத இரும்பு. நடுவில் ஒரு மங்கல், மங்கலின் இரண்டு பக்கமும் இரும்பு வெயிலில் கிடந்த மெழுகுவர்த்தி மாதிரி நெளிந்து இறங்கியது. நேராக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

"ஸ்கேலும் வளைஞ்சிருக்கு தம்பி."

பாரூக் ஸ்கேலைக் கீழே வைத்தான். "ஆடியிலயே கம்ப்யூட்டர் சரியாயிட்டு அண்ணாச்சி. அதுக்குப் பெறகு எனக்கு ஒரு வளைவும் தெரியல. நீங்க மனசு சங்கடப்படுவீங்களேன்னு சும்மாதான் கழத்தி மாட்டினேன். நீங்களும் நேராயிட்டு, நேராயிட்டுன்னீங்க."

"நீ வெயில்ல வந்து கெடந்து கஷ்டப்படுதியேன்னு நானும் சும்மாதான் சொன்னேன்."

வெளியே கடலைமிட்டாய் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான். பாரூக்கால் சும்மா இருக்க முடியவில்லை. சர்வீஸ்காரன் புத்தி.

"ரெண்டு கார்டு இருக்கையில எதுல கோளாறுன்னு தெரியலைன்னா, ஒண்ணை அணைச்சிட்டு மத்ததைப் பாப்போம்லா. அப்படிப் பாப்போம். வலது கண்ணைப் பொத்திக்கிட்டு எடது கண்ணால பாருங்க. அது நல்லாத் தெரிஞ்சா பயப்பட ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒரு கண்ணுதான்."

நந்தகோபால் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"என்ன தெரியுது?"

"வெளிச்சம்."

"கோடு?"

"கோடு இல்ல. திரை இல்ல. நீயும் இல்ல. வெளிச்சம் மட்டுந்தான். அது சின்ன வயசுலயே போயிட்டு தம்பி. எனக்கு இருந்தது இந்த ஒண்ணுதான்."

"யா அல்லா" என்று பாரூக் எழுந்துவிட்டான். என்ன செய்வது என்று தெரியாமல் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். "எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா, எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நந்தகோபால் உள்ளங்கையை எடுக்கவில்லை. அந்த வெறும் வெளிச்சத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தார். அங்கே வளைவு இல்லை.

மறுநாள் காலையில் சீனித்தாயிடம், "ரெண்டாவது கார்டை மாத்தணும்னு பாரூக் சொல்லுதான். மதுரைக்குப் போயிட்டு வாரோம்" என்றார். அவள் சரி என்றாள். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். அதைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கவைத்து, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். பாரூக் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நடந்தான். கடைசி அறையில் இருந்த டாக்டரம்மா கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சி ரொம்ப நேரம் பார்த்தார்.

"கோடு வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு?"

"வைகாசியிலயிருந்தும்மா."

"வைகாசியிலயிருந்தா? இதுவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? பாரூக் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். கண்ணுக்குள் பார்வை குவிகிற இடத்தில் ரத்தக்குழாய் கசிந்து, இப்போது தழும்பாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. ஆரம்பத்திலேயே, ஒரு மாதம் இரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால் நிறுத்தப் பார்த்திருக்கலாம். இனி நடுப்பார்வை திரும்பாது. ஓரப்பார்வை இருக்கும். நடக்கலாம், ஆள் வருவது தெரியும், சாப்பாட்டுத் தட்டு தெரியும். படிக்க முடியாது. வரைய முடியாது. இதைச் சொல்லிவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். நந்தகோபால், "தீப்பெட்டி லேபிள்" என்று ஆரம்பித்தார். மீதியைப் பாரூக்தான் சொன்னான்.

திரும்பி வருகையில் சாத்தூர் தாண்டுகிறவரை பாரூக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். "நான் நேராத்தான் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே அண்ணாச்சி" என்றான். போதும்தான். அதை இல்லை என்று சொல்ல நந்தகோபாலுக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் மனசில்லை. அவன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீடு வரைக்கும் வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தார். மதுரையில் கார்டு கிடைக்கவில்லை, மெட்ராஸில் சொல்லியிருக்கிறார்கள், வர ஒரு மாதம் ஆகும். செருப்பைக் கழற்றினார். சீனித்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையைப் பிடித்து, சொம்பை அதில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ?" என்றாள்.

தயார்செய்து வந்த பொய் வாசலோடு நின்றுவிட்டது.

"எப்ப இருந்து தெரியும் ஒனக்கு?"

"சித்திரையில. பசுவந்தனையில எந் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போனோம்லா. அவளை நான்னு நெனைச்சுக்கிட்டு, 'சீனி, தண்ணி கொண்டா'ன்னீங்க. எல்லாரும் சிரிச்சாவ. எனக்குச் சிரிப்பு வரல. இத்தனை வருசத்துல நீங்க ஆள் மாத்திக் கூப்பிட்டதில்ல. அடுத்த வெள்ளிக்கிழமையே இருக்கன்குடிக்குப் போயி, மாரியம்மனுக்கு வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்திட்டு வந்தேன். ஆடியிலயும் ஒரு தடவை போனேன்."

சித்திரை. இரண்டாவது கார்டு வாங்குவதற்கு முன்னால். முதல் நீலத் திரைக்கு முன்னால். அவருக்கே தெரிவதற்கு முன்னால். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சொம்பைச் சுவரில் எறியலாம் போல இருந்தது.

"எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

"சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். நீங்க பக்கோடாவும் கையுமா வந்து, கம்ப்யூட்டர்லதான் கோளாறுன்னு அவ்வளவு சந்தோசமாச் சொன்னீங்க. எனக்கும் அப்படியே இருந்துறாதான்னு இருந்துது. அதை எப்படிங்க நான் இல்லைன்னு சொல்ல?"

கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிப்போயிற்று. யார்மேல் கோபப்படுவது? அவர் தண்ணீரைக் குடித்தார். டாக்டரம்மா சொன்னதில் சொல்லக்கூடியதையெல்லாம் சொன்னார். நடக்கலாமாம், தட்டு தெரியுமாம், வரைய முடியாதாம். சீனித்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்கவில்லை. பிறகு ஒன்று கேட்டாள்.

"முந்தியே வந்திருந்தா சரியாயிருக்குமான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றார் நந்தகோபால். "எப்ப வந்திருந்தாலும் இதுதானாம்."

அவள் நம்பினாளா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் பார்த்தார். காதோரத்து முடி தெரிந்தது, தோள் தெரிந்தது, சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த கை தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.